டிஸ்க்மேன் சேகரிப்பு: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் வீட்டு முன்னறை அலமாரியில் இப்போது 43 சிடி பிளேயர்கள் இருக்கின்றன. எல்லாமே கையோடு எடுத்துப் போகிற சின்னப் பிளேயர்கள், அதாவது டிஸ்க்மேன். வீட்டுக்கு வருபவர்களும் கோயிலில் பார்ப்பவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எப்படி ஆரம்பித்தது இந்தப் பழக்கம்?

2016-ல் என் ஆயா (பாட்டி) தவறினார். அவர் அறையை ஒழித்தபோது ஒரு செருப்புப் பெட்டி நிறைய சிடி கிடைத்தது. பாதி, இந்தியாவிலிருந்து வந்த சினிமாப் பாட்டு. மீதிப் பாதியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது: "பஜனை, 2003", "சின்ன மாமா கல்யாணம், நாதஸ்வரம்", "கூத்து, ராத்திரி முழுக்க". வீட்டிலிருந்த பெரிய மியூசிக் செட் எப்போதோ செத்துவிட்டது. என் லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லை. பழைய பொருள் கடையில் 60 ராண்டுக்கு ஒரு டிஸ்க்மேன் வாங்கி வந்து, பஜனை சிடியைப் போட்டேன். மாரியம்மனுக்குத் தாலாட்டுப் பாடும் பெண்கள் குழு. மூன்றாவது அடியில் ஆயாவின் குரல் தனியாக மேலே வந்தது. அவர் பாடிப் பதிவு செய்திருக்கிறார் என்றே எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்த 60 ராண்டு பிளேயர் ஒரு வருஷத்தில் நின்றுபோனது. அது ஓடாவிட்டால் அந்தக் குரலும் இல்லை என்று பயந்து இரண்டாவது வாங்கினேன். அப்புறம் மூன்றாவது. பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டேன்.

முதல் டிஸ்க்மேன் எது?

சோனியின் டி-50. 1984 நவம்பரில் ஜப்பானில் 49,800 யென்னுக்கு வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1982 அக்டோபரில் வந்த சோனியின் முதல் வீட்டு சிடி பிளேயர் 1,68,000 யென். அந்த விலையில் யார் வாங்குவார்கள்? சிடி என்ற பொருளே சாதாரண வீடுகளுக்குள் நுழையாமல் போய்விடும் என்ற கவலையில்தான் சின்னப் பிளேயர் செய்ய முனைந்தார்கள். ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் சதுரமும் 4 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு மரக்கட்டையைப் பொறியாளர்களிடம் காட்டி, இதற்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்று சொன்னார்களாம். நான்கு சிடி உறைகளை அடுக்கினால் வரும் கனம் அது. கட்டையைப் பார்த்து வேலை செய்தவர்கள் அதைச் செய்தும் முடித்தார்கள்.

பேட்டரிக்கு மட்டும் உள்ளே இடமில்லை. 6 பெரிய பேட்டரிகள் போடும் தனிப் பையைத் தோளில் மாட்ட வேண்டும். டிஸ்க்மேன் என்ற பெயரை 2000 வாக்கில் சோனி கைவிட்டு, சிடி வாக்மேன் என்று மாற்றியது. எங்கள் ஊரில் பேனசோனிக் ஆனாலும் பிலிப்ஸ் ஆனாலும் டிஸ்க்மேன்தான்.

சிடி உள்ளே என்ன நடக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம் உள்ள பாலிகார்பனேட் தட்டு. அதன் ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகள், ஒரே சுருள் வரியாக. மேலே மெல்லிய அலுமினியப் பூச்சு, அதற்கு மேல் வார்னிஷ், அதற்கு மேல் அச்சு. லேசர் அடியிலிருந்து படிக்கிறது. கிராமபோன் தட்டுக்கு நேர்மாறாக, உள்ளிருந்து வெளியே போகும். அதனால் முதல் பாட்டின்போது நிமிஷத்துக்குச் சுமார் 500 சுற்று சுற்றும் தட்டு, கடைசிப் பாட்டில் 200-க்கு இறங்கிவிடும்.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சிடியின் மென்மையான பக்கம் பளபளக்கும் பக்கம் அல்ல, பெயர் அச்சடித்த பக்கம். அலுமினியம் அந்த வார்னிஷுக்குக் கீழே உடனே இருக்கிறது. அங்கே ஒரு ஆழமான கீறல் விழுந்தால் பாட்டு அந்த இடத்தில் அழிந்தே போயிற்று. அடிப்பக்கக் கீறலையாவது மெருகேற்றிச் சரிசெய்ய முடியும்.

சிடி ஏன் விழுந்தது?

2000-ஐ ஒட்டித்தான் சிடி உச்சத்தில் இருந்தது. அமெரிக்காவில் மட்டும் அந்த வருஷம் 94 கோடிக்கு மேல் போனது. 2022-ல் அதே நாட்டில் 3.3 கோடி. அந்த வருஷம், 1987-க்குப் பிறகு முதல் தடவையாக, கிராமபோன் தட்டு எண்ணிக்கையில் சிடியை முந்தியது. காரணங்களை எல்லோரும் அறிவார்கள்: 1999-ல் நாப்ஸ்டர், 2001-ல் ஐபாட், பிறகு மாதச் சந்தா கட்டிக் கேட்கும் முறை.

எங்கள் ஊரில் அது விழுந்த வரிசை கொஞ்சம் வேறு. முதலில் சிடியை அடித்தது சிடியேதான். டவுனில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் நடைபாதையில், ஒலியைச் சுருக்கி நிறையப் பாட்டு அடைத்த எம்பி3 சிடிகள் வந்தன. ஒரு தட்டில் 150 பாட்டு. 12 மணி நேரம் ஓடும். எட்டுப் பாட்டு உள்ள அசல் சிடியை அதற்குப் பிறகு யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? தமிழ்ப் பட சிடி விற்ற கடைகள் ஒவ்வொன்றாக ஊதுபத்தியும் பூஜைச் சாமானும் விற்கும் கடைகளாக மாறின. அப்புறம் புதிய கார்களில் சிடி போடும் வாய் காணாமல் போனது. என் கணிப்பில் இங்கே சிடியைக் கடைசியாக முடித்தது அதுதான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் ஆட்கள் பாட்டு கேட்பதே வேலைக்குப் போகும் வழியில் காரில்தானே. 2018 மார்ச்சில் ஸ்பாட்டிஃபை தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. 2021 மே மாதத்தோடு, நாடு முழுக்க மால்களில் கிளைகள் வைத்திருந்த மியூசிக்கா கடைகளும் மூடப்பட்டன.

எல்லாப் பாட்டும்தான் யூடியூபில் இருக்கிறதே? பிறகு எதற்கு இந்தப் பாடு?

சினிமாப் பாட்டு இருக்கிறது, மறுக்கவில்லை. நான் கவலைப்படுவது இங்கே பதிவானவற்றைப் பற்றி.

1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் மதராசிலிருந்து டர்பனுக்கு வந்தது. அதில் வந்தவர்களின் கொள்ளுப்பேரன்கள் நாங்கள். எழுத்து எங்களிடம் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பாட்டு கழலவில்லை. தமிழ் ஒரு வரி வாசிக்கத் தெரியாத என் பெரியம்மா, காவடிக்கு முருகன் பாட்டு நாற்பது ஐம்பது பாடுவார், எல்லாம் காதால் கேட்டு மனப்பாடம். ரேடியோ லோட்டஸ் 1983-ல் தொடங்கியபோது வீடுகளில் கேசட் போட்டுப் பதிவு செய்துவைத்தார்கள். 2000-க்கு அப்புறம் அதே கேசட்டுகள் சிடி ஆயின. கோயில் திருப்பணிக்குப் பணம் திரட்ட, பஜனைக் குழுக்கள் நூறோ இருநூறோ சிடி போட்டு விற்றன. தெருக்கூத்தை இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்வார்கள். அதை ராத்திரி முழுக்க ஆடிய பழைய ஆட்களின் குரல் சில வீடுகளில் ஒரே ஒரு சிடியில் இருக்கிறது. கேட்டால், கரும்புத் தோட்டத்துக் காலத்து உச்சரிப்பு அப்படியே வருகிறது. தஞ்சாவூரிலும் வட ஆற்காட்டிலும்கூட இன்று அப்படிப் பேசுகிறார்களோ என்னவோ.

இவை எந்தச் செயலியிலும் இல்லை. ஏற்றியவர் யாரும் இல்லை. தட்டு அழிந்தால், அல்லது தட்டு இருந்தும் அதை ஓட்ட ஒரு பிளேயர் வீட்டில் இல்லாவிட்டால், அது போனதுதான். தினமும் யாரோ ஒருவர் தாத்தாவின் அறையை ஒழித்து, "இதெல்லாம் இனி எதில் போடுவது" என்று குப்பைப் பைக்குள் தள்ளுகிறார். எனக்கு டிஸ்க்மேன் மேல் ஆசை உண்டு, அதன் மூடி மூடும் சத்தம்கூடப் பிடிக்கும். ஆனாலும் 43 பிளேயர்களை ஓடும் நிலையில் வைத்திருப்பதற்குக் காரணம் அந்தக் குப்பைப் பை.

டர்பனில் எங்கே கிடைக்கும்?

ஹாஸ்பிஸ் கடைகள் (நோயாளிகளைப் பராமரிக்கும் அமைப்புக்காகப் பழைய பொருள் விற்பவை), அடகுக் கடைகள், வார இறுதியில் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட், ஃபேஸ்புக்கில் பழைய பொருள் விற்பவர்கள். எல்லாவற்றையும்விட நல்ல இடம் சொந்தக்காரர் வீட்டு இழுப்பறை. "மாமா, பழைய டிஸ்க்மேன் ஏதாவது கிடக்கிறதா?" என்று ஒரு கல்யாண வீட்டில் கேட்டுப் பாருங்கள். என் சேகரிப்பில் 17 அப்படி வந்தவை.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

போகும்போது ஒரு நல்ல சிடி, இரண்டு பேட்டரி, ஒரு ஹெட்போன் கொண்டு போங்கள். "ஓடும், பேட்டரி மட்டும் இல்லை" என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். அவர் பொய் சொல்கிறார் என்று அல்ல, அவர் சோதித்தே இருக்க மாட்டார்.

முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்யலாம். ஸ்பிரிங்கே அரித்துப் போயிருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து மூடி. மூடியின் கொக்கி உடைந்த பிளேயர் ஓடாது, ஏனென்றால் மூடி சரியாக மூடினால்தான் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் லேசரை எரிய விடும். பிறகு சிடியைப் போட்டு முதல் பாட்டு, உடனே கடைசிப் பாட்டு. முதல் பாட்டு ஓடி, கடைசிப் பாட்டில் தட்டுத்தடுமாறினால், லேசர் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். அது சரிசெய்யக்கூடிய நோய். எந்தப் பாட்டுமே வராமல் தட்டு கொஞ்சம் சுற்றி நின்றுவிட்டால், லென்ஸ் அழுக்காக இருக்கலாம் அல்லது லேசர் மங்கிப்போயிருக்கலாம். அது சீட்டாட்டம் மாதிரி, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஹெட்போன் போட்டு ஒலிச் சக்கரத்தை மெல்லத் திருப்புங்கள். கரகர என்றால் பயப்பட வேண்டாம், பத்து இருபது தடவை முழுக்கத் திருப்பினாலே பாதி சரியாகிவிடும்.

1980-களின் கடைசியிலும் 90-களின் ஆரம்பத்திலும் வந்த விலையுயர்ந்த மாடல்களில் ஒரு தொல்லை. உள்ளே இருக்கும் சின்ன மின்தேக்கிகள் கசிந்து போர்டையே தின்றுவிடும். வெளியே புதுசு போல மின்னும். மீன் வாடை மாதிரி ஒரு வாடை வந்தால் அதுதான்.

புதிதாகத் தொடங்குபவர் எந்த மாடல் வாங்கலாம்?

2000-க்கும் 2005-க்கும் இடையில் வந்த, சாதாரண ஏஏ பேட்டரி இரண்டு போடும் ஏதாவது ஒன்று. பிளாஸ்டிக்தான், அழகு கம்மிதான், ஆனால் பேட்டரி பல மணி நேரம் நிற்கும், குலுக்கினாலும் பாட்டு அறுபடாது. ஆயாவின் பெட்டியில் எம்பி3 சிடி இருந்தால் அதையும் படிக்கும் பிளேயராகப் பாருங்கள். 2000-ல் வந்த பிலிப்ஸ் எக்ஸ்பேனியம் அந்த வகையில் முதலில் வந்தவற்றில் ஒன்று. பிறகு ஐரிவர் போன்றவர்கள் இன்னும் மெல்லியதாகச் செய்தார்கள்.

சேகரிப்பாளர்கள் பேசும் பெயர்கள் வேறு: சோனி டி-25, டி-555, 1995-ன் டி-777, மூடியே இல்லாமல் ஓரத்துப் பிளவில் தட்டைச் செருகும் 1999-ன் டி-இ01. எல்லாம் அழகு. நான் டி-777 ஒன்றுக்காக மூன்று வருஷம் காத்திருந்தேன், கிடைத்த அன்று தூங்கவில்லை. ஆனால் முதல் பிளேயராக அதை வாங்காதீர்கள். பழுதானால் பாகம் கிடைக்காமல் மனது ஒடிந்துவிடும்.

"ஈஎஸ்பி" பொத்தானை ஏன் அணைத்து வைக்கச் சொல்கிறீர்கள்?

குலுங்கினால் பாட்டு துள்ளாமல் இருக்க, தட்டை வேகமாகச் சுற்றி, வரப்போகும் ஒலியை நினைவகத்தில் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் ஏற்பாடு அது. சிடியில் ஒரு விநாடிக்கு 14 லட்சம் பிட் வருகிறது. ஆரம்ப காலத்து 4 மெகாபிட் சிப்பில் அது ஏறத்தாழ 3 விநாடிதான் தாங்கும். விளம்பரத்தில் 10 விநாடி, 40 விநாடி என்று போட வேண்டுமானால் பெரிய சிப் வேண்டும், இல்லையென்றால் ஒலியை நசுக்கிச் சுருக்க வேண்டும். பல மாடல்களில் அப்படித்தான் செய்தார்கள். நல்ல ஹெட்போனில் நாதஸ்வரம் கேட்டால் வித்தியாசம் தெரியும், ஊதலின் ஓரம் மழுங்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும்போது அது எதற்கு? அணைத்துவிடுங்கள். பஸ்ஸில் போடுங்கள்.

திரையில் "நோ டிஸ்க்" என்று வருகிறது. குப்பையா?

பத்தில் நான்கு ஐந்து குப்பை இல்லை. என் அனுபவக் கணக்கு இது. காதுக் குச்சியின் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டு, லென்ஸை மெல்ல வட்டமாகத் துடையுங்கள். அழுத்தவே கூடாது, லென்ஸ் தலைமுடி போன்ற கம்பியில் தொங்குகிறது. காய விட்டுப் போட்டுப் பாருங்கள். ஆகவில்லை என்றால் தண்டவாளத்தின் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக ஒரு பொட்டு வையுங்கள். மூடி சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு லென்ஸுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். சிடி லேசர் கண்ணுக்குத் தெரியாத அலை, 780 நானோமீட்டர். இருட்டாக இருப்பதால் எரியவில்லை என்று நினைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டால் திரும்பாது.

அடாப்டர் எதுவாக இருந்தாலும் சரியா?

இல்லவே இல்லை. ஜப்பானிலிருந்து வரவழைத்த ஒரு பிளேயரின் அடாப்டரை, ஊர்ப் பிளக்குக்கு மாற்றும் துண்டைப் போட்டு நேராகச் சுவரில் செருகினேன். அது 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் 230. புகை வந்தது, அடாப்டரும் பிளேயரும் போயின. நான் படிக்காமல் செய்த தப்பு. அடாப்டரில் அச்சடித்திருக்கும் உள்ளீட்டு வோல்ட்டைப் பாருங்கள். அப்புறம் பிளேயரில் எழுதியிருக்கும் வோல்ட், 4.5-ஆ, 9-ஆ, 3-ஆ. அப்புறம் முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற சின்னப் படம். மூன்றும் பொருந்த வேண்டும்.

பேட்டரியில் ஓட்டுவதே நிம்மதி. லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு மிக மோசமாக இருந்த 2023-ல் இன்டர்நெட் டவரும் செத்துக் கிடந்த ராத்திரிகளில் எங்கள் தெருவில் பாட்டு கேட்டது இரண்டு ஏஏ பேட்டரி டிஸ்க்மேனில்தான். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட் மட்டுமே என்பதால் சில பழைய மாடல்கள் சீக்கிரமே பேட்டரி தீர்ந்தது என்று காட்டும், பின்னால் வந்தவை சமாளித்துக்கொள்ளும்.

ரைட் செய்த சிடி சில பிளேயரில் ஓடவில்லையே?

அச்சுத் தொழிற்சாலை சிடி லேசரை நன்றாகப் பிரதிபலிக்கும். வீட்டில் ரைட் செய்தது அதைவிடக் குறைவு, திரும்பத் திரும்ப எழுதும் வகை அதிலும் மிகக் குறைவு. 80-களின் பிளேயர் இவற்றுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. 2000-க்குப் பிந்தைய பிளேயரில் போடுங்கள்.

இதைவிட முக்கியம்: ரைட் செய்த சிடியில் இருப்பது குழி அல்ல, சாயம். வெயில் பட்டால் வெளுக்கும். நம் குடும்பப் பதிவுகள் எல்லாம் இந்த வகைதான், அதுவும் பெரும்பாலும் மலிவான தட்டுகள். சன்னலோரம், கார் டேஷ்போர்டு மேல் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில், ஒலி எதுவும் இழக்காத ஃபிளாக் வடிவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், எம்பி3 வேண்டாம். ஒரு முழு சிடி அப்படி 300, 400 எம்பிக்குள் அடங்கும். யூஎஸ்பியில் செருகும் சிடி டிரைவ் இன்னும் புதிதாகவே கிடைக்கிறது.

டர்பனின் ஈரக் காற்றில் எப்படிப் பாதுகாப்பது?

கடல் உப்பும் கோடைப் புழுக்கமும் சேர்ந்தால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், உறைக் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், ஹெட்போன் பஞ்சு உதிரும். ரப்பர் பூச்சுள்ள பிளேயர் கையில் ஒட்டும், அதை ஆல்கஹாலால் துடைத்து எடுத்துவிடலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை, பேட்டரி கழற்றியது. அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை ஒவ்வொன்றையும் பத்து நிமிஷம் ஓட விடுங்கள், கிரீஸ் காயாது.

தண்ணீரில் நனைந்த சிடியைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தெரிந்தவர் வீட்டில் சேற்றோடு ஒரு பெட்டி எடுத்தோம். உறைகள் கூழாகிவிட்டன. தட்டுகளைச் சுத்தமான தண்ணீரில் அலசி, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து, நிழலில் காய வைத்தோம். வட்டமாகத் துடைக்கக் கூடாது. சிடிக்குள் பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. பாதையின் நீளத்தில் இரண்டரை மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் பாட்டை அது மீட்டுவிடும். குறுக்கே போகும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் கெடுக்கும், வட்டமாகப் போகும் கீறல் ஒரே இடத்தில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். 26 தட்டில் 23 ஓடியது.

புது சிடி பிளேயர் வருகிறதா?

வருகிறது. 2024-ல் சீனாவின் ஃபியோ, மூன்ட்ராப் இரண்டும் கையடக்கப் பிளேயர் விட்டன. விலை அதிகம்தான். பணம் இருந்தால், தினமும் கேட்க அது நல்ல வழி.

விலை ஏறும் என்று வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். லேசர் ஒரு நாள் மங்கும்.

எங்கள் வீட்டிலும் எழுத்துப் போட்ட சிடி கட்டு ஒன்று கிடக்கிறது. என்ன செய்யட்டும்?

முதலில் எதையும் துடைக்காதீர்கள், ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். கிழித்தால் உலோகப் பூச்சும் சேர்ந்து வரும். தட்டில் எழுதியிருப்பதை அப்படியே போனில் படம் எடுங்கள். எழுத்து யாருடையது, பாடுவது யார், எந்தக் கோயில், எந்த வருஷம் என்று வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். தட்டைவிட அந்தத் தகவல் சீக்கிரம் போய்விடும். ஆயாவோடு அந்த சிடியில் பாடும் மற்ற ஐந்து பெண்களில் மூன்று பேரின் பெயரைத்தான் என்னால் இதுவரை கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. ஓட்ட பிளேயர் இல்லை என்றால் ஒரு சனிக்கிழமை கட்டோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், தேநீர் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்போம்.